ஐந்து கிரெடிட்டுக்கு ஒரு முத்திரை: பேப்பர்ஸ், ப்ளீஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புது கேம் இல்லை. 2013 ஆகஸ்டில் கம்ப்யூட்டருக்கு வந்தது, 2022இல் போனுக்கும் வந்தது. லூகாஸ் போப் என்ற ஒருவர் ஏறக்குறையத் தனியாளாக உட்கார்ந்து செய்தது. இவ்வளவு வருடம் கழித்து இதற்கு எதற்கு விமர்சனம் என்று கேட்டால், சமீபத்தில் மூன்றாவது முறையாக ஆடி முடித்தேன். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் கல்நெஞ்சக்காரனாக மாறினேன். கதை அப்படிப் போகச் சொல்லவில்லை, யாரும் என்னைத் தூண்டவும் இல்லை, அப்படியிருக்க ஏன் என்பது இந்த முறைதான் கொஞ்சம் பிடிபட்டது.

கேமைத் தெரியாதவர்களுக்கு: அர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு கற்பனை நாடு. 1982 நவம்பர். பக்கத்து நாடான கொலெச்சியாவோடு ஆறு வருடம் நடந்த போர் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது, கிரெஸ்டின் என்ற ஊர் எல்லைச் சுவரால் இரண்டாகக் கிடக்கிறது. அரசாங்கக் குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்து, எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. வரிசையில் நிற்பவரை ஒலிபெருக்கியில் கூப்பிட வேண்டும், அவர் நீட்டும் தாள்களை மேஜையில் பரப்பி ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்க வேண்டும், எல்லாம் சரி என்றால் பச்சை முத்திரை, இல்லையென்றால் சிவப்பு. கதை முழுக்க 31 நாள். படமெல்லாம் பிக்சல் பிக்சலாக, அழுக்கேறிய நிறத்தில் இருக்கும். வீராவேசமான கிராபிக்ஸ் எதிர்பார்த்து வருகிறவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சம்பளக் கணக்குதான் இந்த கேமின் உயிர், அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஆறுக்கு முடியும். அதற்குள் நீங்கள் சரியாகப் பார்த்து அனுப்பும் ஒவ்வொரு ஆளுக்கும் 5 கிரெடிட் (கேமில் காசுக்குப் பெயர் அதுதான்). தப்பு செய்தால் அந்த 5 கிடையாது, கூடவே ஒரு பிரிண்டர் கரகரவென்று எச்சரிக்கைச் சீட்டைத் துப்பும். ஒரு நாளில் முதல் இரண்டு தப்புக்கு வெறும் எச்சரிக்கை. மூன்றாவதிலிருந்து அபராதம். சாயங்காலம் ஒரு கறுப்புத் திரையில் கணக்கு வரும்: வாடகை, சாப்பாடு, வீட்டைச் சூடாக்கும் செலவு. மனைவி, மகன், மாமியார், மாமா என்று நாலு பேர் வீட்டில். காசு பற்றாவிட்டால் எதையாவது வெட்ட வேண்டும், வெட்டினால் பெயருக்குப் பக்கத்தில் பசி, குளிர், நோய் என்று எழுத்து மாறிக்கொண்டே போகும். நோய்க்கு மருந்து தனிச் செலவு.

இவ்வளவு கேட்டால் சாதாரண வரவு செலவு விளையாட்டு மாதிரித் தெரியும். எனக்கும் முதல் நான்கு நாள் அப்படித்தான் இருந்தது, தப்பைக் கண்டுபிடிப்பதில் ஒரு குஷி கூட இருந்தது. ஐந்தாம் நாள் ஒரு கணவன் வருகிறான், தாள்கள் பக்காவாக இருக்கின்றன, பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அடுத்து அவள் வருகிறாள், அவளிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினால் ஊரில் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். நிறையப் பேர் இந்தக் காட்சியைத்தான் புகழ்வார்கள், உருக்கமான வசனம் என்பார்கள். வசனத்தில் ஒன்றுமே இல்லை, இரண்டு வரி. நான் அந்த நேரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று இதுவரை எத்தனை எச்சரிக்கைச் சீட்டு வாங்கியிருக்கிறேன் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒன்றுதான். சரி, இன்னொன்று தாங்கும். பச்சை முத்திரை.

அங்கேதான் கேம் என்னைப் பிடித்தது. தினமும் இரண்டு தப்புக்கு மன்னிப்பு என்பது வெளிப்பார்வைக்குப் புதியவர்களுக்குக் காட்டும் சலுகை. நாலைந்து நாள் ஆடினால் அதன் பொருளே மாறிவிடுகிறது. அது என் இரக்கத்துக்கான தினப்படி ரேஷன் ஆகிவிடுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு பேருக்குப் பெரிதாகக் காசு நஷ்டம் இல்லாமல் நல்லவனாக இருக்கலாம். அப்புறம் ஒரு நாள் காலையிலேயே என் கவனக்குறைவால், காலாவதியான தேதியைப் பார்க்காமல் விட்டு, இல்லாத ஊர் பெயரைப் பார்க்காமல் விட்டு, இரண்டும் தீர்ந்துபோகிறது. மத்தியானம் ஒருவர் வந்து கெஞ்சுகிறார். கை தானாகச் சிவப்புக்குப் போகிறது. அதைவிட மோசம், எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று. என் தப்புக்கு அவர் பொறுப்பாளி ஆகிவிட்டார். இந்த உணர்வை எந்த வசனமும் எழுதித் தரவில்லை. இரண்டு என்ற ஒரு எண்தான் இதையெல்லாம் செய்தது. அதைப் பத்து என்று மாற்றினால் இது கருணையுள்ள கேம், பூஜ்யம் என்று மாற்றினால் யாரும் யாருக்கும் இரங்க மாட்டார்கள், குற்ற உணர்ச்சிக்கும் இடமிருக்காது.

மேஜையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே அதைச் சின்னதாக வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட், அனுமதிச் சீட்டு, வேலைச் சீட்டு, விதிப் புத்தகம், அன்றைய அறிவிப்பு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும், தேடி இழுப்பதற்குள் கடிகாரம் ஓடும். முதலில் மோசமான வடிவமைப்பு என்று திட்டினேன். பிறகு கவனித்தால், ஒரு அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் ஏன் நம் முகத்தையே பார்க்காமல் தாளைப் பார்த்துப் பேசுகிறார் என்பதை இந்த மேஜை செய்து காட்டிவிடுகிறது. எனக்கும் முகம் பார்க்க நேரமில்லை. முகம் என்பது போட்டோவோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டிய இன்னொரு தாள், அவ்வளவுதான். இதில் இன்னொரு குசும்பு என்னவென்றால், வேலையை வேகப்படுத்தும் குறுக்குவழி விசைகளை உங்கள் சம்பளத்திலிருந்துதான் வாங்க வேண்டும். இன்று வீட்டைச் சூடாக்குவதா, நாளைக்கு இன்னும் ரெண்டு பேரைப் பார்க்க உதவும் விசையை வாங்குவதா? நான் விசையை வாங்கினேன். மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது.

இதற்கு அடுத்த படி கைது. தாள்களில் மோசடி தெரிந்தால் சிவப்பு முத்திரை குத்தி அனுப்பலாம், அல்லது பொத்தானை அழுத்திக் காவலர்களை வரவழைக்கலாம். ஆரம்பத்தில் அந்தப் பக்கமே போகவில்லை, பாவம், போகட்டும் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு காவலர் வந்து, பிடித்துக் கொடுக்கும் ஆட்களுக்குத் தனக்கு போனஸ் உண்டு, அதில் உனக்கும் பங்கு தருகிறேன் என்கிறார். அன்றிலிருந்து நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், அனுமதிச் சீட்டில் ஒரு பெயர் என்று நிற்கும் கிழவி, முன்பானால் சிவப்பு முத்திரையோடு வீட்டுக்குப் போயிருப்பாள். இப்போது கைது. விதிப் புத்தகத்தில் ஒரு வரி மாறவில்லை. அவள் செய்த தப்பும் அதே தப்புதான். பணம் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. லஞ்சம் ஊழல் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன், நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

விதிகள் தினமும் மாறும். முதல் நாள் உள்நாட்டுக்காரர்கள் மட்டும், அடுத்த நாள் வெளிநாட்டவரும் வரலாம், ஒரு குண்டுவெடிப்பு, உடனே நுழைவுச் சீட்டு கட்டாயம், பிறகு சீட்டு போய் அனுமதிப் பத்திரம். ஒரு நாட்டில் போலியோ பரவுகிறது என்று அந்த நாட்டுக்காரர்களுக்கு மொத்தமாகத் தடை, அப்புறம் எல்லோருக்கும் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். இடையில் ஒரு நாள், கொலெச்சியாக்காரர்கள் அத்தனை பேரையும் சோதனையிட வேண்டும் என்று உத்தரவு. தாள் சரியாக இருந்தாலும், யாராக இருந்தாலும். ஸ்கேனரில் ஆடையில்லாத படம் விழும் (வேண்டாமென்றால் அதை மறைக்க அமைப்பில் வழி இருக்கிறது). இந்த உத்தரவில் எனக்கு முதலில் உறுத்தியது அநியாயமா? இல்லை, நேர விரயம். ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரம் ஆனால் ஆறு மணிக்குள் எத்தனை பேரைப் பார்ப்பது? இரண்டு நாளில் வரிசையில் கொலெச்சியா பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்ததுமே சலிப்பு தட்ட ஆரம்பித்தது. ஒரு இனத்தின் மேல் வெறுப்பு எப்படி வருகிறது என்று கேட்டால் நான் வரலாறு, அரசியல் என்று ஏதேதோ சொல்லியிருப்பேன். கூடுதல் வேலையிலிருந்தும் வரலாம் என்று தோன்றியதே இல்லை.

விதியே அர்த்தத்தைச் சொல்வது இந்த கேமோடு பிறந்த விஷயம் இல்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904இல் காப்புரிமை வாங்கிய லேண்ட்லார்ட்ஸ் கேம் என்ற பலகை ஆட்டம், நிலத்தை வளைத்துப் போடுகிறவர்கள் மற்றவர்களை எப்படி ஓட்டாண்டி ஆக்குகிறார்கள் என்று காட்டச் செய்தது. பின்னால் அதே பலகைக்கு இரண்டு வகை விதிகள் இருந்தன, ஒன்றில் ஒருவர் எல்லோரையும் விழுங்குவார், இன்னொன்றில் செல்வம் எல்லோருக்கும் பரவும். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் மொனாப்பொலியாக விற்றபோது விழுங்குகிற விதி மட்டும் தங்கியது. கண்டிக்கச் செய்த ஆட்டம் ஆசைகாட்டும் ஆட்டமாகிவிட்டது.

நம் பரமபதத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஏணிக்கு ஒரு நற்குணம், பாம்புக்கு ஒரு தீக்குணம் என்று படம் போட்டு, நல்லது செய்தால் ஏறுவாய், கெட்டது செய்தால் இறங்குவாய் என்று சொல்கிறது. ஆனால் ஆடும்போது நான் எதையும் செய்வதே இல்லை. தாயக்கட்டை உருளுகிறது, ஏறுகிறேன், உருளுகிறது, இறங்குகிறேன். படம் கர்மத்தைப் பேசுகிறது, விதி தலையெழுத்தைப் பேசுகிறது. (விதி என்ற சொல்லுக்கு நம் மொழியில் சட்டம், தலையெழுத்து என்று இரண்டு பொருளும் இருப்பது இங்கே வசதியாகப் போய்விட்டது.) இரண்டில் எது மனதில் தங்குகிறது என்று பார்த்தால், எனக்கு அந்தக் குணங்களின் பெயர் ஒன்றுகூட நினைவில் இல்லை, கடைசிக்கு முந்தின பெரிய பாம்பு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஜேசன் ரோரர் 2007இல் செய்த பாசேஜ் ஐந்தே நிமிட கேம், அதில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. வழியில் ஒரு பெண்ணைச் சந்திக்கலாம், சேர்ந்துகொண்டால் இருவரும் ஜோடியாக நடப்பார்கள், ஜோடியாகப் போனால் குறுகலான சந்துகளில் நுழைய முடியாது, அங்கே இருக்கும் பெட்டிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். கல்யாணம் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பேப்பர்ஸ், ப்ளீஸில் எனக்குப் பிடிக்காத பகுதி அதன் கதைதான். எஸிக் என்று ஒரு ரகசிய இயக்கம், முகமூடி போட்ட தூதர்கள், புதிர்ச் சீட்டுகள், அரசைக் கவிழ்க்க உதவுவாயா மாட்டாயா என்று தேர்வு. இது வந்த பிறகு கேம் என்னிடம் நேரடியாகக் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறது, நானும் தேர்வு எழுதுகிற பையன் மாதிரி யோசித்துப் பதில் சொல்கிறேன். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நான் நல்லவனாகத்தான் பதில் சொன்னேன், கிழவியைக் கைது செய்த அதே நாளில். மொத்தம் இருபது முடிவுகள் என்பதும் அப்படித்தான், கேட்கப் பெரிதாக இருக்கிறது, பாதிக்கு மேல் நடுவழியில் நீங்கள் ஜெயிலுக்குப் போகும் வகைகள். போதாக்குறைக்கு ஒவ்வொரு நாளும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது, எந்த நாளுக்கு வேண்டுமானாலும் திரும்பிப் போய் வேறு கிளை பிடிக்கலாம். மாமா செத்தால் மூன்று நாள் பின்னால் போய்ப் பிழைக்க வைக்கலாம். வசதிதான், ஆனால் அந்தக் கறுப்புத் திரையின் பாரம் அதில் பாதி இறங்கிப்போகிறது. முதல் தடவை ஆடுகிறவர்கள் தயவுசெய்து திரும்பிப் போகாதீர்கள், என்ன ஆனாலும் 31ஆம் நாள் வரை அல்லது சிறை வரை நேராகப் போங்கள்.

குடும்பத்துக்கு உருவம் கொடுக்காமல் வெறும் பெயரும் நிலையுமாக விட்டதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் இரண்டு மனசு. மாமா செத்த அன்று எனக்கு வந்தது துக்கம் இல்லை, நாளையிலிருந்து செலவு கொஞ்சம் குறையும் என்ற நிம்மதி. இது கேமின் தோல்வியா வெற்றியா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் இதே குடும்பத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை கேமே காட்டிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட முடிவை எட்டினால் முடிவில்லா ஆட்டம் என்று ஒரு வகை திறக்கும், அதில் நேரத்தோடு போட்டி, தப்பே செய்யாமல் எவ்வளவு தூரம், எவ்வளவு தாக்குப்பிடிக்கிறாய் என்று மூன்று விதம். அதே மேஜை, அதே முத்திரை, ஆனால் கெஞ்சாத முகங்கள். வாடகை இல்லை, வீடு இல்லை. ஆடிப் பார்த்தேன், ஆறு வித்தியாசம் கண்டுபிடி மாதிரி ஜாலியாக இருந்தது, ஒரு உறுத்தலும் இல்லை, பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டது. இத்தனை நாள் என்னைப் பிசைந்தது முத்திரை குத்தும் வேலை இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது, அந்த வேலையைச் சாயங்காலச் சாப்பாட்டோடு முடிச்சுப் போட்டிருந்ததுதான்.

அதனால்தான் இன்னொன்றும் சொல்கிறேன். எளிய வகை என்று ஒன்று இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் தினமும் 20 கிரெடிட் சும்மா வரும். உடல்நலக் காரணமாக வேகமாகக் கையாள முடியாதவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு, அவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் வேண்டாம். அந்த 20 இருந்தால் நீங்கள் நல்லவராகவே 31 நாளையும் கடந்துவிடுவீர்கள், நல்ல சம்பளம் வாங்கும் எல்லோரையும் போல.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். 2014இல் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது விழாவில் உத்தி மற்றும் சிமுலேஷன் பிரிவில் விருது வாங்கியது, அதெல்லாம் தெரியாமலே வாங்கலாம். ஒரே மூச்சில் ஆடாதீர்கள், ஒரு உட்காரலுக்கு நாலைந்து நாள் போதும், அதற்கு மேல் கண் வலிக்கும், ஆபீஸ் வேலை முடித்து வந்து இன்னொரு ஆபீஸ் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். சிரிக்கவும் ஆள் இருக்கிறது, ஜோர்ஜி என்று ஒரு கிழவர், கையால் வரைந்த பாஸ்போர்ட்டில் கோப்ராஸ்தான் என்று இல்லாத நாட்டின் பெயரை எழுதிக்கொண்டு வருவார், சிவப்பு குத்தினாலும் கோபமே படாமல் நாளைக்கு வருகிறேன் என்பார். அவர் வரும் நாட்களில் எனக்கு உயிர் திரும்பி வரும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். நடுவில் ஒரு நாள் மகனுக்குப் பிறந்தநாள், செலவுப் பட்டியலில் கிரேயான் பெட்டி என்று ஒரு வரி சேரும். வாங்கிக் கொடுத்தால் பையன் ஒரு படம் வரைந்து தருவான், அதைச் சாவடிச் சுவரில் மாட்டலாம். மேலதிகாரி வரும் நாளில் அது சுவரில் இருந்தால் எச்சரிக்கைச் சீட்டு கிடைக்கும், அலுவலகத்தில் சொந்தப் பொருள் கூடாது என்று. முதல் தடவை சீட்டு வாங்கினேன், கொதித்துப்போனேன். மூன்றாம் முறை அவர் என்றைக்கு வருவார் என்று தெரியும், அன்று காலையே படத்தைக் கழற்றி வைத்துவிட்டேன், சீட்டு இல்லை, அபராதம் இல்லை, நல்ல வசூல். அவர் போன பிறகு திரும்ப மாட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். 31ஆம் நாள் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடும்போதுதான் மாட்டவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.